சத்தம் குறைத்த ஃபேன்

டீயில் ஆவி பறக்கவில்லை.

ஆறிப்போய்விட்டதோ என்று டம்ளரைத் தொட்டவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். சுட்டது. கொதிக்கக் கொதிக்க இப்போதுதான் வடிகட்டி ஊற்றியிருந்தாள். ஆவி இல்லாமலும் இல்லை. டம்ளரின் வாய்க்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு திரண்டு, உள்ளே வா என்று யாரும் கூப்பிடாததால் வாசலிலேயே நிற்கும் வேண்டாத விருந்தாளி மாதிரி, நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஊதினாள். கலைந்தது. ஊதுவதை நிறுத்தியதும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒழிஞ்சு போயேன்" என்று டீயைத் திட்டினாள்.

கொஞ்ச நாளாக அவள் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். சொட்டுகிற குழாயை, சரியாகச் சாத்தாத அலமாரிக் கதவை, போன் செய்து குரலைத் தாழ்த்தித் துக்கம் விசாரித்தவர்களை. தங்கை செத்ததிலிருந்து அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கண் காய்ந்த சட்டி மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

இன்றைக்குக் கோபம் தன் மேலேயே. மதியம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "சரி" என்று.

அவள் செய்யும் வேலை இன்னதென்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடையில் விற்கும் சாதாரணச் சாமான்களை வாங்கிவந்து, விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஆபத்தில்லாமல் பயன்படுத்தும்படி மாற்றிக் கொடுப்பது. கேமரா, டேப்லெட், ஹெட்போன், முடி வெட்டும் மெஷின் எதுவானாலும் சரி. தீப்பிடிக்கிற பேட்டரியைப் பிடுங்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் தூள் பறந்து யார் கண்ணிலாவது போகும், அதனால் மேலே பிலிம் ஒட்ட வேண்டும். அங்கே மிதக்கிற நீர்த்துளி பட்டுக் கருகாமல் இருக்க உள்ளே சர்க்யூட்டுக்கு வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. கடைசியில் காற்றை உறிஞ்சிவிட்ட அடுப்பில் வைத்துச் சுட்டு, பிளாஸ்டிக் வாடை மொத்தத்தையும் போக்க வேண்டும். அந்த அறைக்கு ஆபீஸில் 'ரிப்பேர் கடை' என்று பெயர். அவளுக்கு 'கறார்' என்று பெயர். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கப்பலில் எஞ்சினைக் கட்டி மேய்க்கும் கணவன், வருஷத்தில் பாதி நாள் கடலிலேயே இருப்பவன், "ராக்கெட் ஆபீஸ்ல என் பொண்டாட்டி டிவி மெக்கானிக்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ரிப்பேர் கடையில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தரப்படும். மேலே, மேல் என்று ஒன்று கிடையாது.

இங்கே சூடான காற்று தானாக எழும்பும். அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரும். நாம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாலும் விட்ட மூச்சு முகத்தைவிட்டு எழும்பிப் போய்விடுகிறது. இந்தப் பூமி ராத்திரி முழுக்க நம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறது. அங்கே அப்படி விசிற ஆளில்லை. விட்ட மூச்சு விட்ட இடத்திலேயே நிற்கும். முகத்தைச் சுற்றி, பார்வைக்குத் தெரியாத தலையணை உறை மாதிரி. அடுத்த மூச்சுக்கும் அதேதான் உள்ளே போகும். அதற்கடுத்த மூச்சுக்கும். அதனால்தான் படுக்கிற அறை ஒவ்வொன்றிலும் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கவே கூடாது.

அந்த ஃபேன் சத்தம்தான், அங்கே வேலைக்குப் போயிருந்த தங்கைக்கு ஆகவில்லை.

"அக்கா, மண்டைக்குள்ள லாரி ஓட்டுறாங்கக்கா" என்றாள் நிலையத்திலிருந்து, வீடியோவில், கண்ணுக்குக் கீழே கறுத்த பையோடு. "தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நீதான் பெரிய ரிப்பேர்காரியாச்சே, எனக்கு ஒண்ணு பண்ணி அனுப்பேன். சத்தமில்லாததா."

பிறந்ததிலிருந்து அவள் எதைக் கேட்டு இவள் இல்லை என்றிருக்கிறாள்? குழந்தைத் தள்ளுவண்டியில் மாட்டுகிற மஞ்சள் நிறக் குட்டி ஃபேன் ஒன்றைக் கடையில் வாங்கினாள். பேட்டரியைப் பிடுங்கிவிட்டு ஒயர் போட்டாள். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். காதில் வைத்தால்கூடச் சத்தம் வராத அளவுக்குக் குறைத்தாள். சரக்குக் கலத்தில் அது மேலே போனது. அடுத்த போனில் தங்கையின் முகம் தெளிந்திருந்தது.

"செத்த பொணம் மாதிரி தூங்கறேன்க்கா" என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உடலோடு திரும்பிவந்த சாமான்களில் ஃபேனும் இருந்தது. ரிப்பேர் கடையின் தலைவர் அதைப் பையில் போட்டு நேரில் கொண்டுவந்து கொடுத்தார். "ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க." அவருக்குப் 'பஞ்சு சார்' என்று பெயர். எதை எறிந்தாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்வார். குரலும் அப்படித்தான்; அதட்டக்கூடத் தெரியாதவர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மதியம் போன் செய்ததும் அவர்தான். நாளைக்கு விசாரணைக் குழு அவளைக் கூப்பிடும். தங்கைக்குச் சின்ன வயதிலேயே நெஞ்சு படபடப்பு உண்டு என்று குடும்பத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் கோப்பை மூடிவிடலாம். அடுத்து மேலே போகப்போகும் குழுவும் சத்தமில்லாத ஃபேன்தான் வேண்டுமென்கிறதாம். அதுவும் தடையில்லாமல் போய்விடும். "உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். ஃபேன் பண்ணது நீங்கதானே?"

தங்கைக்குப் படபடப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் "சரி" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. பயம் சொல்ல வைத்தது. போனை வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை; சாயங்காலம், எதையாவது செய்யவேண்டுமே என்று டீ போட்டாள்.

டீயில் ஆவி பறக்கவில்லை.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சமையலறையில் வடிகட்டிய தூளின் துவர்ப்பு வாசனை ஒரே இடத்தில், சிங்க்குக்கு முன்னால், ஒரு ஆள் நிற்பதைப் போல நின்றிருந்தது. ஒரு அடி விலகினால் இல்லை, மறுபடி அங்கே போனால் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தும் திரைச்சீலை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டது போல அசையாமல் கிடந்தது. வெளியே சாயங்கால வெயில் மங்கிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. வீட்டுக்குள் மட்டும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு அடர்த்தி.

அடுப்பைப் பற்றவைத்தாள். நாக்கு நாக்காக எழவேண்டிய நெருப்பு எழவில்லை. பர்னரின் ஒவ்வொரு ஓட்டையிலும் நீல நிறத்தில் ஒரு குண்டுமணி. உருண்டையாக. ஆடாமல். அத்தனை கண்ணும் அவளையே பார்த்தன.

இந்த நெருப்பை அவள் பார்த்திருக்கிறாள். ஆபீஸில், நிலையத்தில் எடுத்த படத்தில். மேல் என்று ஒன்று இல்லாத இடத்தில் நெருப்பு இப்படித்தான் எரியும்.

சட்டென்று அணைத்தாள். அடுப்பின் மேலும் கோபம் வந்தது.

"அம்மா." வாசல்படியில் குட்டி நின்றாள். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம்தான் சேர்த்தது. கையில் மஞ்சள் ஃபேன். சித்தியின் ஃபேன் வந்த நாளிலிருந்து அதை அவள் யாரையும் தொடவிடுவதில்லை. "தலை வலிக்குதும்மா."

"வெயில்ல ஆடினியா?"

"இல்லை. ஆ..." என்று பெரிதாகக் கொட்டாவி விட்டாள். "தூக்கம் தூக்கமா வருது."

தலைவலி. கொட்டாவி. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பவர்களுக்கு முதலில் வருவது இவைதான்; ரிப்பேர் கடையில் அதுவும் முதல் நாள் பாடம்தான். அதை நம்பக் கூடாது என்று முடிவு செய்தாள். தூக்கமில்லாத மூளை, நாளெல்லாம் பட்டினி கிடந்த வயிறு, வேறொன்றுமில்லை. குழந்தையைப் படுக்கையறையில் விட்டு, உச்சியில் தொங்கும் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். அது கடகடவென்று சுற்றியது. இறக்கை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுற்றியது. அதற்கு நேர் கீழே நின்று முகத்தை அண்ணாந்து காட்டினாள்.

காற்று வரவில்லை.

வாசல் மணி அடித்தது. அவள் துள்ளி விழாத குறை.

பஞ்சு சார்தான். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, சோபாவில் நடுவாக உட்கார்ந்துகொண்டார். "போன்ல சரின்னீங்க. இருந்தாலும் நேர்ல ஒரு தடவை பார்த்துட்டுப் போலாம்னு."

"ஏன் சார், நான் மாத்திச் சொல்லிடுவேன்னு பயமா?"

"ச்சே ச்சே. என்னம்மா நீங்க."

அவருக்கும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மரியாதைக்கு இல்லை. அவர் பார்க்கவேண்டும் என்பதற்காக. டம்ளரின் மேல் வெள்ளை உருண்டை நின்றது. அவர் அதற்குள்ளேயே மூக்கை விட்டு ஒரு வாய் குடித்தார். எதையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு நீங்க அதிகம் பேசவேண்டாம்" என்றார். "ஓடும்போது மூச்சு வாங்கும், அப்பப்போ நெஞ்சைப் பிடிச்சுக்குவா. அவ்வளவுதான். அழுதீங்கன்னா அவங்களே விட்டுடுவாங்க."

"ஓடறதுல மெடல் வாங்கினவ சார் என் தங்கச்சி."

"தெரியும்மா."

"தெரிஞ்சுகிட்டேதான் சொல்லச் சொல்றீங்க."

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. உட்காரமுடியவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தாள். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் பண்ணின ஃபேனை டெஸ்ட் பண்ணினப்ப நான் இல்லை. குட்டிக்குக் காய்ச்சல்னு லீவ்ல இருந்தேன். பொம்மைத் தலையைப் படுக்க வெச்சு, மூச்சு விட வெச்சு, மூக்குக்கிட்ட மீட்டர் வெச்சீங்க. பாஸ்னு சொன்னீங்க. கூரையில சூட்டுத் தகடு வெச்சீங்களா இல்லையா?"

பூமியில் இந்தச் சோதனையைச் செய்வதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொம்மை விடுகிற வெதுவெதுப்பான மூச்சு தானாக எழும்பிப் போய்விடும்; மீட்டர் எல்லாம் நலம் என்று சொல்லும். அதனால் அறையின் கூரையை முதலில் சூடாக்குவார்கள். மேலே சூட்டுக் காற்று அடைத்துக்கொண்டு நின்றால் கீழே இருப்பது எழும்பாது, அசையாமல் கிடக்கும். அந்த நிலையிலும் பொம்மையின் முகத்தைச் சுத்தமாக வைத்திருந்தால்தான் அந்த ஃபேன் பாஸ். இல்லையென்றால் சோதித்தது ஃபேனை அல்ல, பூமியை.

பஞ்சு சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தகடு ரிப்பேர்ல இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவு மென்மையாக. "சரக்கு ஏத்துற தேதி நெருங்கிடுச்சு. உங்க தங்கச்சியும் தூக்கமில்லாம கஷ்டப்பட்டாங்க. உங்க கை வேலைன்னா கேள்வியே கிடையாதுன்னு..."

"என் பேரைச் சொல்லி அனுப்பிச்சிட்டீங்க."

"நம்பிக்கைதாம்மா."

"நம்பிக்கையா?" அவள் குரல் சுவரில் போய் மோதியது. "அவ எத்தனை ராத்திரி தன் மூச்சையே திரும்பத் திரும்பக் குடிச்சாளோ! தலை வலிச்சிருக்கும். கொட்டாவி வந்திருக்கும். அக்கா பண்ணின ஃபேன், நல்லா தூக்கம் வருதுன்னு சந்தோஷப்பட்டிருப்பா! எந்திரிக்கணும்னு தோணியிருக்காது! நீங்க அதை ஒரு பையில போட்டு என் கையிலயே கொடுத்துட்டுப் போறீங்க. ஞாபகார்த்தமாம்! விசாரணைக்குப் போகவேண்டிய சாமான் சார் அது! என் குழந்தை அதைக் கட்டிப்பிடிச்சுகிட்டுத் தூங்குது!"

"மெதுவாம்மா. அக்கம்பக்கத்துல..."

"கேக்கட்டும்!"

கையை வீசினாள், காலை உதைத்தாள், நடந்தாள். நடக்க நடக்கக் கத்தினாள். போனைக் கையில் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை, சோபாவில் சாய்ந்து, கையை மடிமேல் வைத்து, அடம் பிடிக்கிற குழந்தை ஓயட்டும் என்று காத்திருக்கும் பெரியவரைப் போல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் சமையலறைக்குள் போய், அங்கேயும் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே விசாரணைக் குழுவின் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தங்கைக்கு நெஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை என்பதை. தான் குறைத்த வேகத்தை. வைக்காத தகட்டை. தன் பெயர், அவர் பெயர், இரண்டையும். மூச்சு விடாமல் சொன்னாள்.

எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம். பிறகு, "நாளைக்கு வந்து இதையே சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு ஃபேனும் மேல போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் டாக்டரம்மா. வைத்துவிட்டாள்.

முடிந்தது.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் புரண்டு கொடுத்தது.

"போதுமாடி?" என்றாள் தங்கையிடம், சத்தமாக. "சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். போதுமா?"

அடுப்பைப் பற்றவைத்தாள்.

நீல உருண்டைகள்.

ஆடவில்லை.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவள் காதில் விழுந்தது. கூடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. செருமல் இல்லை. சோபா கிரீச்சிடவில்லை.

"சார்?"

போய்ப் பார்த்தாள். பஞ்சு சார் சாய்ந்தபடியே இருந்தார். கை மடிமேலேயே. கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் அதே புன்னகை. உதடு நீலமாக இருந்தது. அவருடைய முகத்தைச் சுற்றி, டீ டம்ளரின் மேல் பார்த்தது போலவே, மெல்லிய வெள்ளையாக ஒன்று. உருண்டையாக. மூக்குக்கு முன்னால். போகாமல்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. திறந்த வாயிலிருந்து மிச்சமிருந்த மூச்சு வெளியே வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

நாம் ஒரே அறையில்தானே இருந்தோம். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பதில் உடனே வந்தது. அவள் உட்காரவில்லை. அவள் நடந்தாள், கையை வீசினாள், கத்தினாள். அவளுடைய கோபம் அவளுக்கு விசிறியிருக்கிறது. அவர் அசையவில்லை.

அசையாமல் இருப்பவர்கள்.

குட்டி.

ஓடினாள். படுக்கையறைக் கதவு சுவரில் அறைந்தது. உச்சியில் ஃபேன் வெறும் சத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் குழந்தை, ஒருக்களித்து, மூக்குக்கு நேரே மஞ்சள் ஃபேனை வைத்துக்கொண்டு. முகத்தில் வெள்ளைப் படலம்.

"குட்டி! எந்திரி! எந்திரிடி!"

மேஜைமேல் கிடந்த பரீட்சை அட்டையை எடுத்து விசிறினாள். படலம் கிழிந்தது. விசிறினாள். இன்னும். இன்னும். குழந்தையின் மார்பு திடுக்கென்று தூக்கிப் போட்டது. இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"அம்மா..."

அவள் கை ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடி. வெள்ளை திரும்பி வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது.

வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கூடம். சோபாவைப் பார்க்காமல். வாசல். படிக்கட்டு. செருப்பு இல்லாத கால் சிமென்டில் தப் தப்பென்று விழுந்தது. ஓடும்போது முகத்தில் காற்றுப் பட்டது. ஓடுவதால் மட்டும் பட்டது. குழந்தையின் மூச்சு அவள் கழுத்தோரம் வந்து போனது. போனது. வந்தது. நல்லது. ஓடு.

பாதிப் படியில்தான் கவனித்தாள். மஞ்சள் ஃபேனைக் குட்டி இன்னும் விடவில்லை. எதிலும் செருகாத அதன் ஒயர் படிக்குப் படி இடித்துக்கொண்டு பின்னால் வந்தது. மின்சாரம் இல்லை. பேட்டரியை அவளே அன்றைக்குத் தன் கையால் எடுத்திருந்தாள். இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாக. சத்தமே இல்லாமல்.

பிடுங்கி வீசினாள். கீழே மோதி உருண்டது. சுற்றுவது நிற்கவில்லை.

வெளியே போய்விட்டால் போதும். வீட்டுக்குள்தான் இது. வீட்டுக்குள் மட்டும்தான். தெருவில் காற்று இருக்கும்.

கேட்டுக்குப் பக்கத்தில் காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தவாறே தூங்கினார். தாடை மார்பில் இடித்திருந்தது. காலடியில் கொசுவத்தி. அதன் புகை எழும்பவில்லை. சுருளைச் சுற்றிக் கனத்த உருண்டையாகத் திரண்டு, வளர்ந்து, அவருடைய முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நாற்காலியை எட்டி உதைத்தாள். அவர் தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்தவரைப் போல ஹாவென்று மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னம்மா! என்னாச்சு!"

"உக்காராதீங்க! நடங்க! நடந்துகிட்டே இருங்க!"

"தலை... தலை விண்ணுன்னு வலிக்குதும்மா" என்றார். கொட்டாவி விட்டார். அவளையும் தோளில் கிடந்த குழந்தையையும் பரிதாபமாகப் பார்த்தார். துக்க வீடு, அந்த அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று அவர் கண் சொன்னது. நாற்காலியை நேராக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அதற்குள் இருட்டிவிட்டிருந்த தெரு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக வெளிச்சமான ஜன்னல்கள். ஒரு மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கொடியில் போட்ட துணி அசையவில்லை. விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. பக்கத்தில் போய்க் காலால் தரையைத் தட்டினாள். எழுந்திருக்கவில்லை.

தெரு முழுக்க.

ஊர் முழுக்க.

எல்லாம் சொல்லிவிட்டேனே என்று நினைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேனே. இதை யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செத்தவளுக்கு உண்மை எதற்கு? அவள் கேட்டதெல்லாம் நிம்மதியான தூக்கம். கொடுத்தார்கள். இப்போது அவள் ஊருக்கே கொடுக்கிறாள்.

மேலே ஒரு ஜன்னலில் விளக்கு அணைந்தது.

"தூங்காதீங்க!" என்று கத்தினாள். "யாரும் தூங்காதீங்க! எந்திரிங்க! விசிறுங்க!"

இன்னொரு ஜன்னல் அணைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"தூங்காதீங்க! செத்துப் போயிடுவீங்க! காது கேக்கலையா! பாவிங்களா, விளக்கைப் போடுங்க!"

நான்காவது மாடியில் ஒருவர் தலையை நீட்டினார். பனியன் போட்ட தோள். கோபமான முகம்.

"யாரும்மா அது! மனுசன் தூங்க வேண்டாமா? சத்தம் போடாதீங்க!"

படாரென்று ஜன்னலைச் சாத்தினார். விளக்கு அணைந்தது.

அப்போதுதான், இத்தனை நாள் கழித்து, அவளுக்குக் கண்ணீர் வந்தது. வந்தது, விழவில்லை. கண்ணின் மேலேயே தங்கியது. கன்னத்தில் வழியவேண்டிய நீர் இமைக்கு மேல் திரண்டு, உருண்டு, கனமில்லாமல் தடித்துக்கொண்டே போனது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் குழந்தை. அந்தத் தண்ணீருக்குள் தெரு வளைந்தது, ஜன்னல்கள் மிதந்தன. மஞ்சள் மஞ்சளாக. ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு.

நடந்தாள். நிற்கக் கூடாது. நடந்தாள்.

தோளில் ஒரு சின்ன வாய் பெரிதாகத் திறந்து மூடியது. தலை அவள் கழுத்தில் சரிந்து, இடம் பார்த்து, வசதியாக அமர்ந்தது.

"அம்மா" என்றாள் குட்டி, தூக்கக் கலக்கத்தில். "கத்தாதம்மா. சித்திக்குத் தூக்கம் வருதாம்."